நாங்க அந்தாண்ட

கல்லாங்குத்துக்குள் யார் நுழைந்தாலும் முனை வீட்டு அக்காவைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். வேறு வழி கிடையாது. தாம்பரத்திலிருந்து வரும் தார் ரோடு ஒடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு மண் பாதை பிரியும். பாதைக்கு வலப்பக்கம் கல் குவாரிப் பள்ளம், இடப்பக்கம் அக்காவின் வீடு. வாசலில் ஒரு பலகையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ரப்பர் வாஷருக்குப் பிசிறு நறுக்கிக்கொண்டிருப்பார். திருமுடிவாக்கம் கம்பெனிகளில் அச்சில் வார்த்து எடுக்கும் வாஷரைச் சுற்றி மெல்லிசாக ரப்பர் பிதுங்கிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தரிக்கோலால் அதைச் சுற்றி நறுக்கிக் கொடுக்க வேண்டும். வாரா வாரம் ஒரு மூட்டை வரும், ஒரு மூட்டை போகும்.

நான் முதல் தடவை அங்கே போனது வாடகை வீடு தேடி. சட்டையை பேண்ட்டுக்குள் விட்டிருந்தேன். கையில் ஒரு ரெக்சின் பை. வாயைத் திறப்பதற்குள், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நாங்க அந்தாண்ட."

"எந்தப் பக்கம்?"

"நீ எங்கேர்ந்து வர்ற?"

"தாம்பரத்துலேர்ந்து."

"அப்ப நாங்க தெக்கால ஊராட்சி. அங்க போய்க் கேளு."

"அக்கா, நான் வாடகைக்கு வீடு பாக்க வந்தேன்."

கத்தரிக்கோல் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சொம்மா ஆபீசராட்டம் வந்து நின்னா நான் இன்னான்னு நெனைக்கிறது?" என்று எழுந்து, முறத்தை உள்ளே வைத்துவிட்டு, அவரே என்னை ஊர் முழுக்க அழைத்துப்போய்க் காட்டினார். ஊர் முழுக்க என்றால் ஐந்து நிமிட நடை. மூன்று வரிசை வீடுகள், ஓர் அறை அளவில் ஒரு மாதா கோயில், வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஓர் அம்மன் கல், கடைசியில் ஒரு மேடு. அவ்வளவுதான். அவர் வீட்டிலிருந்து நாலைந்து வீடு தள்ளி எனக்கு இடம் கிடைத்தது. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் எனக்கு வேலை. எங்கள் சம்பளத்துக்கு அதைவிடக் குறைந்த வாடகையில் வீடு கிடைக்காது. என் மனைவியும் நானும் அங்கே ஆறேழு வருஷம் இருந்தோம். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் அவர் முனை வீட்டு அக்கா.

கல்லாங்குத்துக்குப் பெரிய சரித்திரம் எதுவும் கிடையாது. குவாரி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கல் உடைக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். குவாரி காண்டிராக்டர் அவர்களுக்கு வரிசையாகக் குடிசை போட்டுக் கொடுத்தார். சுற்றிலும் காலனிகள் வந்து, வெடிச் சத்தத்துக்கு ஜன்னல் அதிருகிறது என்று புகார் கிளம்பி, குவாரி நின்றது. காண்டிராக்டர் கல் அரைக்கும் கிரஷரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்கள் போகவில்லை. எங்கே போவார்கள்? பள்ளத்தில் ஊற்றும் மழையுமாகச் சேர்ந்து தண்ணீர் நின்றது. குடிசைகள் மெல்ல மெல்லச் செங்கல் வீடுகள் ஆயின.

வடக்கே இருந்த பேரூராட்சிக்கும் தெற்கே இருந்த ஊராட்சிக்கும் எல்லை வகுத்தபோது இது வேலை நடக்கும் இடம், ஊர் இல்லை. அதனால் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வடக்கே கேட்டால் தெற்கு என்பார்கள், தெற்கே கேட்டால் வடக்கு என்பார்கள். கிரஷருக்கு இழுத்த மின்சாரக் கம்பி இருந்ததால் விளக்கு எரிந்தது. ஓட்டு சிலருக்கு அங்கே, சிலருக்கு இங்கே. குப்பை வண்டி எந்தப் பக்கத்திலிருந்தும் வராது. பெரிய மழை பெய்து ஏரிக் கால்வாய் பொங்கினால் இரண்டு பக்கத்திலும் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள், நடுவில் நாங்கள் நின்று வேடிக்கை பார்ப்போம். தினமும் காலையில் விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டமடிக்கும். அதில் இருக்கிறவருக்குக்கூட கீழே ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்கும். ஆபீஸ்களுக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு முக்கால்வாசிக் காரணம் அக்கா.

சட்டையை உள்ளே விட்டவர், கையில் பேனா வைத்திருப்பவர், பைக்கை நிறுத்திவிட்டு வீடுகளை எண்ணுகிற மாதிரி பார்ப்பவர், எவராக இருந்தாலும் அக்காவின் ஒரே பதில்தான். வடக்கிலிருந்து வந்தவரைத் தெற்கே அனுப்புவார். தெற்கிலிருந்து வந்தவரை வடக்கே அனுப்புவார். வீட்டு வரிக்கு ஆள் வந்தது, போனது. கொசு மருந்து அடிக்க வந்தார்கள், போனார்கள். ஒரு தடவை குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ஒரு நர்ஸம்மா ஐஸ் பெட்டியோடு வந்தார். வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் அக்கா "நாங்க அந்தாண்ட" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தம்மா ஷேர் ஆட்டோ ஏறிப் போன பிறகுதான் பெட்டியில் என்ன இருந்தது என்று உறைத்திருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் கல்லாங்குத்தில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாவற்றையும், அங்கே பிறந்த என் மகளையும் சேர்த்து, இரண்டு ஆட்டோவில் திணித்து அவரே தாம்பரம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எந்த ஏரியா என்று கேட்டார்களாம். "வழியில போறவங்க" என்று சொல்லிச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நாள் நேராகவே கேட்டேன். "ஏன்க்கா வர்றவங்களையெல்லாம் தொரத்துறீங்க? வரி கட்டினா ரோடாவது போடுவான்ல?"

"ரோடு போடுவான். அதுக்கு முன்னாடி சொவுத்துல நம்பர் போடுவான்."

"போடட்டுமே."

அக்கா பிசிறு நறுக்கிக்கொண்டே சொன்ன கதை இது. கல்யாணமான புதிதில் அவர் குடியிருந்தது இங்கே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரிக்கரை மேல். கரை நெடுக வீடுகள். ஒரு நாள் பெயிண்ட் டப்பாவோடு இரண்டு பேர் வந்து ஒவ்வொரு சுவரிலும் நம்பர் எழுதினார்கள். நம்பர் வந்துவிட்டது, அடுத்தது பட்டாதான் என்று கரையே சந்தோஷப்பட்டது.

"அந்த ஆளுக்கு மோர் கரைச்சுக் குடுத்தேன் தம்பி. அவன் எழுதுறப்போ பெயிண்டு டப்பாவ நானே புடிச்சிகினு நின்னேன். வெயில்ல நிக்கிறானேன்னு. அப்பால ஒரு மாசம் இருக்கும். அதே நம்பரக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இடிச்சான். எங்க கரையில ஒரே ஒரு ஓலை வூடு. ஓலையில பெயிண்டு நிக்காதுன்னு அதுக்கு மட்டும் எழுதாம வுட்டுட்டான். அது ஒண்ணுதான் நின்னுச்சு."

கத்தரிக்கோல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "அன்னிக்குத் தெரிஞ்சிகினேன்," என்றார்.

அந்த ஓலை வீட்டை வைத்து அவர் கற்றுக்கொண்டதுதான் கல்லாங்குத்தின் சட்டம். சுவரில் எவனாவது எதையாவது எழுதினால் அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். எழுதியது மின்சாரக்காரரோ, கட்சிக்காரரோ, எவராக இருந்தாலும் சரி. அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் சுண்ணாம்பு டப்பாவும் மட்டையும் எப்போதும் தயாராக இருக்கும். நாங்கள் குடிவந்த மறுநாளே அக்கா ஒரு டப்பா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு வெள்ளையடித்த மாதிரி எந்நாளும் பளிச்சென்று இருக்கும் ஊர் அது. வெளியிலிருந்து வருகிறவர்கள் ஏதோ சுத்தமான ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சுத்தமாக இருக்கத் தண்ணீர் வேண்டாமா? அதுதான் அங்கே இல்லை. குடிக்க, காலனிப் பக்கம் போய் யார் வீட்டு வாசல் குழாயிலாவது கெஞ்சிப் பிடிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் குவாரிப் பள்ளம். பாறையில் வெட்டிய படிகள், வெடி வைத்துப் பிளந்த கல்லின் ஓரங்கள். ஏறும்போது இடுப்பில் குடம், கையில் குடம். ஒரு மார்கழிக் காலையில் பாசியில் வழுக்கி என் மனைவி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "இங்கேர்ந்து போயிடலாம், இல்லன்னா ஒரு குழாய் வர வழி பண்ணு" என்றாள். இரண்டும் என் கையில் இல்லை. வேலைக்குப் போய்த் திரும்பி வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்குகிறபோது, அந்தக் காலத்தில் எனக்கு இருந்த அலுப்பை இப்போதும் முட்டியில் உணர முடியும்.

குழாய் வரத்தான் வந்தது. எங்களுக்குத் தெரியாமல்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பையன்கள் நீலப் பெயிண்டோடு வந்தார்கள். அக்கா வழக்கம்போல "நாங்க அந்தாண்ட" என்றார். "பரவால்லக்கா, ரெண்டு பக்கமும்தான் எழுதறோம்" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போனார்கள். எதற்கு என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர்கள் பைக் ரோடு திரும்பியதுதான் தாமதம், ஊரே மட்டையை எடுத்தது. கைக்கட்டோடு என் மனைவி இடது கையால் அடித்தாள். விளக்கு வைப்பதற்குள் ஒரு நம்பர் மிச்சமில்லை. அக்கா வரிசை வரிசையாக நடந்து பார்த்து, "இந்த மூலையில நீலம் தெரியுது பாரு" என்று மேரி வீட்டில் இன்னொரு பூச்சு அடிக்க வைத்தார். மேரி அவருக்கு அடுத்த வீடு. இருவரும் ஒரே மூட்டையில் வாஷர் எடுத்து நறுக்குகிறவர்கள்.

அடுத்த வாரம் குழாய் பதிக்க அளவெடுக்கும் ஆட்கள் வந்தார்கள். நம்பர் இருக்கிற வீட்டுக்கெல்லாம் இணைப்பு என்று அவர்களுக்கு உத்தரவு. முனையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் வெள்ளைச் சுவர். நம்பர் இல்லாத இடம் நம் வேலை இல்லை என்று திரும்பிவிட்டார்கள். தார் ரோடு ஒடிகிற இடத்தில், கடைசிக் காலனி வீட்டோடு குழாய் நின்றுவிட்டது. அக்கா வாசலிலிருந்து பார்த்தால் அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டுவது தெரியும். இவ்வளவும் எங்களுக்கு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

யாரும் அக்காவிடம் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் தேவலாம். மத்தியானத்தில் அவர் வாசலில் வந்து உட்கார்ந்து பேசும் பெண்கள் வரவில்லை. மேரி வாஷர் மூட்டையைப் பிரித்துத் தன் பங்கைத் தனியாக எடுத்துக்கொண்டுபோய்விட்டாள். பள்ளத்துப் படியில் இருவரும் எதிரெதிரே வந்தபோதுதான் அது வெடித்தது. நான் பின்னால் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வழிய வுடுக்கா," என்றாள் மேரி.

"ஏண்டி மூஞ்சியத் திருப்பிகினு போற? நான் இன்னா வேணும்னா பண்ணேன்?"

"வேணும்னு பண்ணியோ வேணாம்னு பண்ணியோ, உன் சுண்ணாம்புலதான் எங்க தண்ணி போச்சு. எம் பொண்ணு வவுத்துப் புள்ளையோட இந்தப் படியில எறங்குறா. அவ வுயுந்தா நீயா தூக்குவ?"

அக்கா ஒதுங்கி வழி விட்டார். அன்றைக்கு அவர் குடம் பாதிதான் நிரம்பியிருந்தது. அதோடு ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் வாசலில் பலகை இல்லை. கதவு பூட்டியிருந்தது. அக்கா வடக்கே பேரூராட்சி ஆபீஸுக்குப் போயிருந்தார்.

நானும் ஒரு நாள் லீவு போட்டு அவரோடு போனேன். மனைவியின் கைக்காகத்தான் போனேன், அக்காவுக்காக அல்ல. ஆனால் அந்த ஒரு நாளில் அவர் மேல் எனக்கு வந்த பிரியம் பிறகு குறையவில்லை. வடக்கே பேரூராட்சியில் ஒரு அம்மா பொறுமையாக எல்லை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உங்க இடம் எங்க லிமிட்லயே இல்லம்மா. நீங்க அந்தப் பக்கம்" என்றார். பஸ் பிடித்துத் தெற்கே போனோம். அங்கே இருந்தவரும் நல்ல மாதிரிதான். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "நீங்க டவுன் பக்கம்மா, இங்க வந்து அலையறீங்களே" என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

வெளியே வரும்போது வாசலில் இருந்த பெரியவர் ஒருவர் அக்காவையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க குவாரி முனையில கத்தரிக்கோல் வெச்சுகினு குந்திகினு இருப்பீங்களே, அந்தம்மாதானே?"

"ஆமாம்பா."

"வரி கேட்டு எத்தினி வாட்டி வந்துகீறேன். ஒவ்வொரு வாட்டியும் அந்தாண்ட போன்னு தொரத்துனீங்களேம்மா."

"நான்தான்பா தொரத்துனேன். இப்ப நானே வந்து நிக்கிறேன். நாங்க எந்தாண்டன்னு நீயாவது சொல்லு."

பெரியவர் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் இல்லை. தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தோம். அக்கா கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். "தம்பி," என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஒருத்தன் தனியா இருந்தா அந்தாண்டன்னு கை காட்டுவான். நானும் அத்ததான செஞ்சிகினு இருந்தேன். ரெண்டு ஆபீசுக்காரனையும் ஒரே நேரத்துல முனையில கொண்டாந்து நிக்க வெச்சா, எங்க கை காட்டுவான்?"

அதன் பிறகு நான் லீவு போடவில்லை. என்னால் முடியாது. அக்கா போனார். மனு எழுதத் தெரியாது, பேசி ஜெயிக்கவும் தெரியாது. வாஷர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நாள் இந்த ஆபீஸ் வராந்தா, மறுநாள் அந்த ஆபீஸ் வராந்தா என்று உட்கார்ந்து பிசிறு நறுக்கினார். வீட்டு வாசலில் செய்த அதே வேலை. போகிற வருகிற ஆபீசர் எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான். "ரெண்டு பேரும் சேந்து ஒரு வாட்டி வாங்க சார்." கூட்டுகிற பெண் ரப்பர் துண்டுகளைப் பார்த்துக் கத்தினால், முந்தானையாலேயே கூட்டி அள்ளி மூட்டையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் அவர் மூட்டையோடு முனையில் இறங்கும்போது பார்த்தால் பாவமாக இருக்கும். கால் வீங்கியிருக்கும். பலகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். ஊரில் யாரும் இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை. 

வராந்தாவில் அவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயோ, இரக்கப்பட்டோ, கடைசியில் இரண்டு ஆபீஸிலிருந்தும் ஒரே நாளில் வந்தார்கள். இரண்டு ஜீப், முனையில் நேருக்கு நேர். இறங்கியவர்கள் பள்ளத்தைப் பார்த்தார்கள், படியைப் பார்த்தார்கள். மேரியின் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு குடத்தோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். யாரும் ஏற்பாடு செய்ததல்ல, அவள் தினமும் ஏறுகிற நேரம் அது. யாரும் எந்தப் பக்கமும் கை காட்டவில்லை. கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு, ஊரை வடக்கே பேரூராட்சியோடு சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

மறுபடியும் நீலப் பெயிண்ட் வந்தது. ஐப்பசி மாதம். எழுதி முடிப்பதற்கும் தூறல் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. அக்கா ஒவ்வொரு வீடாக ஓடி, "கோணி போடு, ஷீட்டு போடு, நம்பர் கரையப் போவுது" என்று கத்தினார். ஊரே சுவருக்குச் சுவர் பிளாஸ்டிக் பாயையும் கோணியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் வேலையிலிருந்து வந்து இறங்கும்போது அக்கா தன் வீட்டுச் சுவரோரம் நனைந்துகொண்டு நின்றார். இரண்டு கையிலும் முறம். பிசிறு நறுக்கும் அந்த முறத்தை நம்பருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். முதல் வீடு என்பதால் அவர் நம்பர் ஒன்று.

"அக்கா, காஞ்சிருக்கும், உள்ள போங்க."

"காஞ்சுதா இல்லியான்னு தொட்டுப் பாக்கவும் பயமா கீது தம்பி. நின்னுட்டுப் போறேன்."

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மழை விட்டதும் பள்ளம் தோண்டும் இயந்திரமும் குழாய் ஏற்றிய லாரியும் வந்தன. முனையில் நின்றன. பாதை போதவில்லை. வலப்பக்கம் ஒதுங்கினால் குவாரிப் பள்ளம், இடப்பக்கம் அக்கா வீடு. இன்ஜினியர் சின்ன வயதுக்காரர். இறங்கி இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார், முன்னுக்கு வரச் சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கூடியிருந்த எங்களைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த முனையில் திரும்ப இடம் இல்லாமல் குழாய் உள்ளே போகாது. ஒன்று இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் இந்த வீடு வழி விட வேண்டும்.

  அத்தனை பேருக்கும் ஏரிக்கரைக் கதை தெரியும். அத்தனை பேருக்கும் தண்ணீரும் வேண்டும். மேரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அப்படித்தான் நின்றேன்.

அக்கா பலகையில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார். கையில் இருந்த வாஷரைச் சுற்றி முடித்து, முறத்தில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"எத்தினி அடி சார் வேணும்?"

இன்ஜினியர் சொன்னார். வீட்டில் முக்கால்வாசி.

"முக்கா வூட்ட வெச்சிகினு கால் வூட்டுல நான் இன்னா பண்றது? மொத்தமா எடுத்துக்கங்க. சாமானத்த வெளிய வெக்கணும். நாளைக்குக் காலைல வாங்க."

மேரிதான் முதலில் அழுதது. "வேணாம்கா, தண்ணி இங்கயே நிக்கட்டும், நாங்க இங்க வந்து புடிச்சிக்கிறோம்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. சலிப்போடு சொன்னார். "இங்க நின்னா இங்கயேதாண்டி நிக்கும். எனக்குத் தெரியாதா? அன்னிக்குக் கரை முயுக்கப் போச்சு. இன்னிக்கு ஒரு வூட்டோட போவுது. வுடு."

மறுநாள் காலையில் ஊரே சேர்ந்து அவர் சாமான்களைச் சுமந்தது. இயந்திரம் கைநீட்டியபோது அக்கா ஒரே ஒரு தடவைதான் குறுக்கே போனார். ஓட்டுநரிடம் சுவரைக் காட்டி, "யப்பா, நம்பர் கீற அந்தத் துண்ட மட்டும் வுட்ரு. அதுவும் போச்சுன்னா நாளைக்கு எவனாவது வந்து நீங்க எந்தாண்டன்னு கேப்பான்" என்றார். அது லாரி திரும்புகிற வழியில் இல்லாத மூலை. ஆள் உயரத்துக்கு ஒரு துண்டுச் சுவரை ஓட்டுநர் விட்டுவிட்டார். பிறகு குழாய்க்காரர்கள் முதல் குழாயை அதிலேயே கிளாம்ப் போட்டுப் பிடிக்க வைத்தார்கள். ஊருக்குக் கடைசியில், மேட்டோரம், எல்லோருமாகச் சேர்ந்து அக்காவுக்கு ஒரு வீடு எழுப்பினோம். எழுப்பினோம் என்று பெருமையாகச் சொல்கிறேன். ஓர் அறையும் ஒரு தகரக் கூரையும். நம்பர் வந்தால் இடிப்பான் என்று அவர் ஆயுசு முழுக்கச் சொன்னது பலித்தது, அவருக்கு மட்டும். அதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

கொஞ்ச நாளில் எனக்கு நாவலூரில் வேலை மாறியது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகம். காலையில் போனதும் தண்ணீர் லாரிக்காரர்களுக்குப் போன் போட வேண்டும். லாரி தாமதமானால் மேல் மாடிகளிலிருந்து ஆங்கிலத்தில் திட்டு விழும். எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு டீ குடிக்க உட்காரும்போது அக்காவின் ஞாபகம் வரும். அப்படி ஒரு நாள் மனசு கேட்காமல் கல்லாங்குத்துக்குப் போனேன்.

முனை அகலமாக இருந்தது. உள்ளே வரை தார் போட்டிருந்தார்கள். ஊருக்குள் வீட்டுக்கு வீடு குழாய் இருந்தது, ஆனால் மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மேட்டோரத்துக்காரர்கள் மட்டும் துண்டுச் சுவர்க் குழாய்க்கு வந்துதான் பிடிக்க வேண்டும். ஐந்தாறு பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அக்கா கடைசியில் நின்றார். ஊரின் கடைசி வீட்டில் இருந்தாலும் இன்னும் அவருக்கு முனை வீட்டு அக்கா என்றுதான் பெயர். என்னைப் பார்த்ததும், "இன்னா தம்பி, எளச்சுட்ட" என்றார். அவர்தான் இளைத்திருந்தார். மேரி தன் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டும் அக்கா போவதில்லையாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது பார்சல் கொண்டுவரும் ஒருவர் பைக்கை நிறுத்தினார். சட்டையை உள்ளே விட்டிருந்தார். கையில் போன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"அக்கா, இது எந்த ஏரியா? எந்தப் பக்கம் சேர்ந்தது?"

வரிசையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.  இத்தனை வருஷப் பழக்கம், எல்லார் தலையும் தானாகக் கடைசிக்குத் திரும்பியது. அந்தக் கேள்வி அக்காவுக்கு உரியது.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மோவாயால் சுவரைக் காட்டினார். பெயிண்ட் வெளுத்திருந்தது. ஒன்று என்று இன்னும் படிக்க முடிந்தது.

"சொவுத்துல எழுதிக்கீது பாரு," என்றார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் ஓர் அடி முன்னே நகர்ந்தார்.